மூடியின் நடுவில் ஒரு பொட்டு

மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. பேர் என்று நான் சொல்வது கருவிகளை. கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மூன்று அழுத்தமானிகள் கடலடியில் கிடந்தன. தலைக்கு மேலிருக்கும் அத்தனை தண்ணீரும் ஒரு விரற்கடை உயர்ந்தாலும் எடை கூடுவது அவற்றுக்குத் தெரியும். சுனாமி கரைக்கு வந்த பிறகுதான் மலைபோல் எழும்பும். நடுக்கடலில் அது முழங்கால் உயரம்கூட இருக்காது. அந்த முழங்காலைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை.

மூன்றில் இரண்டு கருவிகள் அலை என்று சொன்னால் போதும், இயந்திரமே சைரனை ஊதிவிடும். யாரிடமும் கேட்காது. கடலூரிலிருந்து வேதாரண்யம் வரை பதினெட்டு லட்சம் போன்கள் அலறும், ரயில்கள் நிற்கும், தாழ்ந்த தெருக்களில் மின்சாரம் நிற்கும். ஒன்று மட்டும் சொன்னால் அந்த ஒன்றுக்குப் பழுது என்று பச்சை எழுத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

அன்று காலை பதினொன்று இரண்டுக்கு மூன்றாம் கருவியின் கோடு ஏறியது. நான் ஆறிப்போன காபியைக் குடிப்பதா கொட்டுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், மூணு ஏறுது."

தணிகாசலம் சார் எழுந்து வந்தார். எச்சரிக்கைப் பிரிவின் தலைவர். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நிலநடுக்கம்?"

"எங்கேயும் இல்ல சார். கடலுக்கடியில சரிவா இருக்கலாம். மண்ணு சரிஞ்சா பூமி ஆடாது, தண்ணி மட்டும் ஆடும்."

"எவ்வளவு?"

"இருபத்திரண்டு சென்டிமீட்டர்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அலை உண்மையாக இருந்தால் நான்கு நிமிடத்தில் இரண்டாம் கருவியைக் கடக்க வேண்டும், இன்னும் மூன்று நிமிடத்தில் ஒன்றாம் கருவியை. கரையைத் தொடப் பதினொன்று நாற்பத்தொன்று ஆகும்.

பதினொன்று ஆறு. இரண்டாம் கருவியின் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பதினொன்று ஏழு. எட்டு. ஒன்பதுக்கு ஒன்றாம் கருவியைப் பார்த்தோம். அதுவும் நேர்தான். சார் கை விசைப்பலகைவரை போனது, பிறகு திரும்பி வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. திரையில் பச்சை எழுத்து வந்தது: மூன்றாம் கருவியில் பழுது.

"அப்பாடா" என்றார் எங்களோடு இருந்த தொலைத்தொடர்புக்காரர், சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார்.

எனக்கு அப்பாடா வரவில்லை. ஏனென்றால் அந்த ஒன்றாம், இரண்டாம் கருவிகளைச் செய்தது நான்.

இதைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய கோடையில் அதே இரண்டு இடங்களில் கிடந்த பழைய கருவிகள் சேர்ந்து பொய் சொல்லியிருந்தன. இரண்டிலும் ஒரே பெட்டியில் வந்த ரப்பர் வளையங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் கெட்டிப்பட்டு விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் புகுந்து, அலை அலை என்று அலறின. மூன்றில் இரண்டு. இயந்திரம் சைரன் ஊதியது. சாவடிக்குப்பம் ஆற்றுப் பாலத்தில் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே கூட்டம் நசுங்கி நாற்பத்தொரு பேர் இறந்தார்கள். அலை வரவே இல்லை. அந்த நாற்பத்தொரு பேரில் தணிகாசலம் சாரின் மனைவி மங்கையும் ஒருவர். தங்கச்சி வீட்டுக்கு வளைகாப்புக்குப் போனவர்.

அதன் பிறகு புதிய கருவிகளை இரண்டு மாதத்தில் செய்து கொடுக்கும்படி என் கழுத்தில் உட்கார்ந்தார்கள். செய்தேன். டைட்டானியம் உருளை, ஒவ்வொரு வளையமும் வேறு வேறு கம்பெனி, தொட்டியில் போட்டு அழுத்தம் ஏற்றிச் சோதனை, எல்லாம் ஒழுங்கு. கப்பலில் ஏற்றுவதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பட்டறையில் கலியபெருமாள் அண்ணன்தான் எல்லாம். முப்பது வருஷ மெக்கானிக். லேத்துக்கும் டிரில்லுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் புதுக் கருவிகள் முன்னால் நின்றார். உருளையின் மூடிக்கு நட்டநடுவில் கடுகளவு துளை ஒன்று உண்டு, மேலே சன்னமான கம்பிவலை. கடல் தண்ணீரின் அழுத்தம் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கலியண்ணன் கண்ணுக்கு அது நெற்றி. குழைத்த சந்தனத்தை எடுத்து அங்கேயே ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். இரண்டுக்கும்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. என் பெயர் ஹெப்சிபா. தூத்துக்குடிக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். முந்தின வருஷம் பூஜையன்று காய்ச்சலில் படுத்திருந்ததற்கே, "வேதக்காரம்மாவுக்கு பூஜைன்னா ஆகாது போல" என்று ஸ்டோரில் ஒருவர் சிரித்திருந்தார். இப்போது பொட்டை அழிக்கச் சொன்னால் அவ்வளவுதான். சாயங்காலம் நானே கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் துறைமுகத்திலிருந்து போன் வந்தது, நான் ஓடினேன். மறுநாள் நான் வருவதற்குள் மூடிக்கு மேல் கவசம் மாட்டி, லாரியில் ஏற்றியிருந்தார்கள்.

கடலடியில் இறங்கிய நாளிலிருந்து அந்த இரண்டும் சமர்த்தாக இருந்தன. அன்றாடம் கடல் ஏறி இறங்கும் ஓதத்தைக் காட்டும், ஆனால் மூன்றாம் கருவியில் தெரியும் சின்னச் சின்ன நடுக்கம் எதுவும் காட்டாது. என்ன நிதானம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். டெல்லியிலிருந்து கேடயம் வந்தது. மூன்றாவது வாரமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துளை அடைத்திருந்தால் ஆறு மணி நேரத்தில் மெல்ல ஏறும் ஓதம் கசிந்து உள்ளே போய்விடும். சில நிமிடத்தில் கடந்துபோகும் அலை போகாது. சந்தேகத்தை யாரிடம் சொல்வது? கேடயம் என் மேசையில் இருந்தது. நான் கோழை என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்லத் தெரியவில்லை.

மணி பதினொன்று பத்து. கரையில் இருப்பவர்கள் ஓடி மேடேற இருபத்தைந்து நிமிடமாவது வேண்டும்.

கலியண்ணனுக்குப் போன் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. லேத் ஓடும்போது அவருக்கு எதுவும் கேட்காது. பட்டறை வளாகத்தின் அந்தக் கோடியில். ஓடிப்போய்க் கேட்டுவர நேரம் இல்லை.

"சார், மூணு பழுது இல்ல. ஒண்ணும் ரெண்டும்தான் பழுது."

"எப்படிச் சொல்ற?"

"சொல்லுதேன், கேளுங்க." பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "மூடித் துளையில சந்தனம் இருக்கு சார். பூஜைக்கு வச்சது. நான் பாத்தேன். கழுவாமலே எறக்கிட்டோம். அதான் அது ரெண்டும் இவ்வளவு நாளா அசையல."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறந்தார், மூடினார்.

"நிச்சயமாத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"தெரியாது சார். தெரிஞ்சுக்கணும்னா கருவிய மேல தூக்கணும். அதுக்கு கப்பல் போக ரெண்டு நாளாகும்."

"சட்டம் தெரியும்ல?"

தெரியும். அந்தப் பாலத்துக்குப் பிறகு வந்த சட்டம். இயந்திரம் வேண்டாம் என்ற பிறகும் மனிதர் ஒருவர் சைரன் ஊதலாம். ஆனால் வெறும் பயம் போதாது; எந்தக் கருவியில் என்ன கோளாறு என்று காரணம் எழுத வேண்டும். பிரிவுத் தலைவர் அதை ஏற்க வேண்டும். எழுதியவரின் பெயரும் காரணமும் பதினெட்டு லட்சம் போன்களிலும் சைரனோடு சேர்ந்து போகும். அலை வராமல் போய், ஓடும்போது ஒருவர் செத்தாலும் அது அந்தப் பெயர்க்காரர் செய்த கொலை. சட்டம் போட்டவர்களுக்குத் தெரியும், இனி ஒருத்தனும் பொத்தானைத் தொட மாட்டான் என்று. அதற்காகத்தான் போட்டார்கள்.

"நாப்பத்தோரு பேரு, ஹெப்சி" என்றார் சார். "பாலத்துல மங்கையோட செருப்ப மட்டும்தான் நான் அடையாளம் காட்டினேன். இன்னிக்கு சனிக்கிழமை. பிள்ளைங்கெல்லாம் வீட்ல இருக்கும். இன்னொரு தடவ அந்தப் பாலத்துல..."

"அலை வந்துச்சுன்னா பாலமே இருக்காது சார்."

பதினொன்று பதின்மூன்று. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரை. ஒரு மனிதர் கண்ணெதிரே உடைந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மனைவியை நினைத்துத்தான் தயங்குகிறார் என்றும் நினைத்தேன்.

"எழுதிக் குடுப்பியா? உன் பேருல?"

"குடுப்பேன்."

"சந்தனம்னா?"

"ஆமா சார். சந்தனம்னே."

அவர் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். நான் அடித்தேன்: 'ஒன்று, இரண்டு எண் கருவிகளில் அழுத்தத் துளை சந்தனத்தால் அடைபட்டுள்ளது. மூன்றாம் கருவி சொல்வதே உண்மை. ஹெப்சிபா செல்வின், இயந்திரப் பொறியாளர்.' கட்டைவிரலை வைத்தேன். அவர் தன் விரலை வைத்தார். என் சட்டைப்பையில் இருந்த போனே முதலில் அலறியது. எடுத்துப் பார்த்தால் என் பெயர்.

மணி பதினொன்று பதினைந்து.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. சாவடிக்குப்பம் பாலத்தின் காமிராவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் ஓடவில்லை. சிலர் தெருவில் நின்று போனைப் படித்தார்கள். சந்தனம் என்று படித்துச் சிரித்திருப்பார்கள். பிறகு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்து ஐந்து பேர். பிறகு தெருவே கிளம்பியது. பாலத்தில் போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளையெல்லாம் நிறுத்தி ஆட்களை மட்டும் விட்டார். ஒரு கிழவர் தடுக்கி விழுந்தார். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரோ தூக்கிவிட்டார்கள்.

பதினொன்று நாற்பத்தொன்று. கடல் தேமே என்று கிடந்தது.

நாற்பத்திரண்டு. வாட்சப்பில் திட்டுகள் வர ஆரம்பித்தன. சில வசவுகள் என்னைத் தாண்டி என் வேதத்தையும் தொட்டன. நாற்பத்துமூன்று. இரண்டு பையன்கள் பாலத்திலிருந்து திரும்பிக் கரைப்பக்கம் நடப்பது காமிராவில் தெரிந்தது. "போகாதீங்கடா" என்று நான் திரையைப் பார்த்துக் கத்தினேன். அலை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஊரை அழிக்கப்போகும் ஒன்றை வா வா என்று ஜெபித்தவள் நான். கர்த்தர் மன்னிக்கட்டும்.

நாற்பத்துநான்கில் கடல் உள்வாங்கியது. பையன்கள் திரும்பி ஓடினார்கள். அலை பாலத்தின் இரண்டு கண்களைப் பெயர்த்துக்கொண்டு போனது. தணிகாசலம் சார் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சத்தமாக அழுதார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான்.

முந்நூறு வீடுகள் போயின. இறந்தவர் ஒருவர். முந்தைய சைரனில் பாலத்தில் மகனைப் பறிகொடுத்தவராம்; இந்த முறை கூப்பிடக் கூப்பிட வீட்டைவிட்டு வரவில்லையாம்.

எனக்கு மாலையும் விழுந்தது, மெமோவும் விழுந்தது. உயிரைக் காப்பாற்றியவள் என்றார்கள் பாதிப்பேர். தன் தவறை நாலு மாதம் மறைத்தவள் என்றார்கள் மீதிப்பேர். இரண்டும் சரிதான். ஆனால் உண்மையில் மாட்டிக்கொண்டவர் கலியண்ணன். தொலைக்காட்சியில் அந்தச் சந்தனப் பொட்டை வைத்து ஒரு மாதம் சண்டை போட்டார்கள். பூஜையை இழிவுபடுத்த வேதக்காரி கட்டிய கதை என்று ஒரு கூட்டம், ஊரைக் கொல்லப்பார்த்த மூடத்தனம் என்று ஒரு கூட்டம். விசாரணைக் குழு அவரை இரண்டு நாள் உட்கார வைத்துக் கேட்டது. "சந்தனம் வச்சது நான்தாங்க" என்றதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டறையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். எப்போதும் இருக்கும் சந்தனம் அவர் நெற்றியிலிருந்து போய்விட்டது. நான் எதிரே வந்தால் வேறு வழியில் போவார்.

ஒரு மாதம் கழித்து, அந்த இரண்டு கருவிகளையும் கப்பல் மேலே தூக்கி வந்தது. சாட்சிகள் முன்னால் திறக்க வேண்டும் என்பது உத்தரவு. பிரிவுத் தலைவரும் பொட்டு வைத்தவரும் சாட்சிகள். நான் அரைமணி முன்னாலேயே போய்க் கவசத்தைக் கழற்றி, மூடியை உருப்பெருக்கியின் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு அடைத்திருக்கிறது என்று முதலில் நான் பார்க்க வேண்டும்.

துளை பளிச்சென்று இருந்தது. கம்பிவலையின் ஒவ்வொரு கண்ணும் தெரிந்தது. இரண்டாவதையும் வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். ஊசியை விட்டேன், தடையில்லாமல் போனது. கடல் தண்ணீர் கரைத்திருக்குமா? கரைத்திருந்தால் அன்று அலையைக் காட்டியிருக்க வேண்டுமே. கருவியின் காது நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு அலை கேட்கவில்லை.

"மேடம்."

கதவருகே கலியண்ணன் நின்றார். உள்ளே வரவில்லை.

"தொறக்குறதுக்கு மின்னாடி ஒண்ணு சொல்லிப்புடறேன். அன்னிக்கு நா பொட்டு வச்சப்ப உங்க மொகம் போன போக்கப் பாத்தேன். அப்பறந்தான் தொளை ஞாபகம் வந்துச்சு. ஆளுங்கெல்லாம் போனப்பறம் சிரிஞ்சுல நல்ல தண்ணிய ஏத்தி ரெண்டையும் கழுவினேன். பூஜ அன்னிக்கே பொட்டழிச்சேன்னு தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவான்னு யார்ட்டயும் மூச்சு விடல."

"கேட்டப்பவாவது சொல்லக் கூடாதாண்ணே?"

"என்னத்தச் சொல்றது? அலைய அது காட்டலயே. அப்ப நா சரியா கழுவலன்னுதான அர்த்தம். ஒரு மாசமா கண்ணு மூடல மேடம். இன்னொரு சிரிஞ்சு தண்ணி அடிச்சிருக்கலாம்ல, இன்னொரு சிரிஞ்சு அடிச்சிருக்கலாம்லன்னு."

அன்று அவர் போனை எடுத்திருந்தால் கழுவிட்டேன் மேடம் என்று சொல்லியிருப்பார். எழுத என்னிடம் காரணமே இருந்திருக்காது. பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவருக்குப் பின்னால் தணிகாசலம் சார் வந்து நின்றார். மூடியைப் பார்த்தார்.

"சுத்தமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அந்த ஒரு மாதமும் பார்த்தவர்கள் எல்லாரும் எவ்வளவு அடைத்திருக்கும் என்றுதான் கேட்டார்கள். சுத்தமாக இருந்ததா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "மங்கைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் வேலைக்கு வந்தேன். அந்த ரெண்டு எடத்துலேர்ந்து வர்ற அளவ இங்க இயந்திரத்துல இருபது நிமிஷத்துக்கு ஒரு சராசரியா மாத்தி வச்சேன். சில நிமிஷத்துல கடந்துபோற அலை அதுல கரைஞ்சுபோயிடும். இனிமே அவசரப்பட்டுக் கத்தக் கூடாதுன்னு. உன் புதுக் கருவி ரெண்டும் அதே எடத்துலதான் எறங்கிச்சு. நான் பழையபடி மாத்தல. நீ நல்ல கருவிதான் செஞ்ச. அது சொன்னத நான்தான் கேக்க விடல."

விசைப்பலகைவரை போய்த் திரும்பிய அந்தக் கை ஞாபகம் வந்தது.

"அன்னிக்கே தெரியுமா?"

"கோடு ரெண்டும் நேராப் போனப்பவே தெரியும். சொல்லத்தான் நெனச்சேன். அதுக்குள்ள நீ சந்தனம்னு ஒரு காரணத்தக் கொண்டுவந்து குடுத்த. அதப் புடிச்சுக்கிட்டேன்." அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீ வாயத் தொறக்கலன்னா நான் சொல்லியிருப்பேனா, ஹெப்சி?"

எனக்குக் கோபம் கொதித்தது. பாவமாகவும் இருந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"அத என்கிட்ட கேக்காதீங்க சார். இவ்வளவு நாளாத் தூங்காதவர் அங்க நிக்கிறார். அவர்கிட்ட சொல்லுங்க."

சார் எழுந்தார். கலியண்ணன் பக்கம் திரும்பினார். "கலியபெருமாள், தப்பு உன் மேல இல்லப்பா. என் மேல. இன்னிக்கே குழுவுக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்றார். கும்பிடுவதற்குக் கையைத் தூக்கி, பாதியிலேயே நிறுத்தினார்.

கலியண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் சொன்னது காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார்.

"அப்ப நா சரியாத்தான் கழுவியிருக்கேனா மேடம்?"

நான் எழுந்து, உருப்பெருக்கிக்கு முன்னால் இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்களே பாருங்கண்ணே."